பசுவுக்கு மாதவிடாய் உண்டா? வாலில் தெரியும் ரத்தம் எதைச் சொல்கிறது?

கேள்வி இதுதான்: "எங்கள் கிடேரி (இன்னும் கன்று போடாத இளம் பசு) முந்தாநாள் முழுக்கக் கத்திக்கொண்டே இருந்தது, கவனிக்காமல் விட்டுவிட்டோம். இன்று காலை பார்த்தால் வாலிலும் பின்பக்கத்திலும் ரத்தம். பெண்களுக்கு வருவதுபோல் மாட்டுக்கும் மாதவிடாய் வருமா? நாய்க்கு ரத்தம் வந்த பிறகுதானே இணை சேர்க்கிறார்கள். அப்படியானால் இப்போது சினை ஊசி போடலாமா?"

முதலில் அவசரத்துக்கான பதில். சினை ஊசி, அதாவது கருப்பைக்குள் விந்தைச் செலுத்துவது, இப்போது வேண்டாம், அந்த வாய்ப்பு கடந்துவிட்டது. இன்றைய தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். இன்றிலிருந்து 16ஆம் நாள் தொடங்கி 22ஆம் நாள் வரை காலையும் மாலையும் கிடேரியின் மேல் ஒரு கண் இருக்கட்டும். அடுத்த பருவம், அதாவது மாடு இணைசேரத் தயாராகும் நேரம், பெரும்பாலும் அந்த ஒரு வாரத்துக்குள் வந்துவிடும். ரத்தத்தைக் கண்டு பயப்படத் தேவையில்லை, அது நோயில்லை. மாதவிடாயும் இல்லை. பசு, பெண், நாய் ஆகிய மூன்றிடமும் ரத்தம் தெரிகிறது. ஆனால் மூன்றும் சுழற்சியின் வெவ்வேறு கட்டத்தில், வெவ்வேறு காரணத்தால் வருபவை. நாய்க்கு அது 'இனிமேல்தான்' என்று சொல்கிறது. பசுவுக்கு 'முடிந்துவிட்டது' என்று சொல்கிறது. பெண்ணுக்கோ 'இந்த முறை கரு தங்கவில்லை' என்று சொல்கிறது.

இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மருத்துவர்கள் பலர், பெட்டை நாயிடம் ரத்தக்கசிவும் பருவமும் ஒட்டியே வருவதைப் பார்த்துவிட்டு, பெண்களுக்கும் சினைமுட்டை மாதவிடாயை ஒட்டித்தான் வெளிவரும் என்று முடிவுகட்டினார்கள். அதனால் சுழற்சியின் நடுப்பகுதியைக் கருத்தரிக்க வாய்ப்பில்லாத காலம் என்று சொல்லிவந்தார்கள். உண்மையில் கரு பிடிப்பது அந்த நாட்களில்தான். ஜப்பானில் ஒகினோவும் ஆஸ்திரியாவில் க்னாவுஸும் 1920களில் தனித்தனியாக ஆராய்ந்து, அடுத்த மாதவிடாய்க்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பே முட்டை வெளிவருகிறது என்று காட்டிய பிறகுதான் அந்தக் கணக்கு நேரானது. படித்தவர்களே அவ்வளவு காலம் நாயை வைத்துப் பெண்ணைக் கணக்கிட்டார்கள் என்றால், நாயை வைத்து மாட்டைக் கணக்கிட்டதில் உங்கள் தவறு ஒன்றும் பெரிதில்லை.

நானும் அதே தவறைச் செய்திருக்கிறேன். கால்நடை மருத்துவம் படித்து முடித்து வேலையில் சேர்ந்த புதிது. ஒரு பெரியவர் கிடேரியை ஓட்டிக்கொண்டு வந்து, "பருவம் நல்லா தெரியுது, ரத்தமே வந்திருச்சு, ஊசி போடுங்க" என்றார். நானும் யோசிக்காமல் கையுறையை மாட்டிக்கொண்டு ஆசனவாய் வழியாகக் கையை உள்ளே விட்டேன். நல்ல பருவத்தில் இருக்கும் மாட்டின் கருப்பை, தொட்டவுடன் விறைத்துச் சுருண்டு கைக்குள் வந்து நிற்கும். இதுவோ தளர்ந்து கிடந்தது. விரல் நுனியால், முட்டை உருவாகும் சினைப்பையைத் தடவினேன். பாதாம் பருப்பின் வடிவம். அதைவிடக் கொஞ்சம் பெரிது. அதன் ஒரு பக்கத்தில், நேற்றுவரை முட்டையைச் சுமந்த நீர்க்கொப்புளம் இருந்திருக்க வேண்டிய இடத்தில், விரல் நுனி அமுங்கும் அளவுக்கு மெத்தென்று ஒரு குழி. கொப்புளம் உடைந்து முட்டை போய்விட்டது என்று அந்தக் குழி சொன்னது. எனக்குத்தான் அதைப் படிக்கத் தெரியவில்லை. ஊசியைப் போட்டு அனுப்பினேன். மூன்று வாரத்தில் அதே கிடேரி மறுபடி வந்து நின்றது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பாடம்.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது?

பசுவின் சுழற்சி சராசரியாக 21 நாள். 18 முதல் 24 வரை எல்லாம் இயல்புதான். கிடேரிகளுக்கு ஒரு நாள் குறைவாகவே இருக்கும். மாடு கத்தி, நிலைகொள்ளாமல் திரியும் நாளை நாம் 'பூஜ்யம்' என்று வைத்துக்கொள்வோம். அந்த நாளில் சினைப்பையில் பாலிக்கிள் என்கிற ஒரு நீர்க்கொப்புளம் ஒன்றரை சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் வளர்ந்து நிற்கும். அதற்குள்தான் முட்டை இருக்கிறது. கொப்புளத்தின் சுவர் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ரத்தத்தில் உச்சத்தைத் தொடும்போது, மாட்டின் நடத்தையே மாறிவிடுகிறது. தீவனத்தில் நாட்டமிருக்காது, பால் குறையும், அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீர் கழிக்கும், அடுத்த மாட்டின் முதுகில் மோவாயை வைக்கும். பிறப்புறுப்பு லேசாகத் தடித்துச் சிவந்திருக்கும். கண்ணாடிபோல் தெளிந்த வழுவழுப்பான திரவம் அறுபடாமல் கயிறாகத் தொங்கும். இவற்றில் எதையும் விட நம்பகமான அடையாளம் ஒன்றுண்டு: இன்னொரு மாடு மேலே ஏறும்போது விலகாமல் அசையாமல் நிற்பது. மேலே ஏறுகிற மாடு பருவத்தில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஏறவிட்டு நிற்கிற மாடுதான் பருவத்தில் இருப்பது. பலர் இதைத் தலைகீழாக நினைத்து, ஏறிய மாட்டைப் பிடித்துக்கொண்டு வருவார்கள்.

இந்த 'நிற்கும்' காலம் 12 முதல் 18 மணி நேரம்தான். அதிகம் கறக்கும் மாடுகளிலும் வெயில் காலத்திலும் இன்னும் குறையும். பருவம் தொடங்கும் நேரத்தில் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். என்ற ஹார்மோனை ஒரே வீச்சில் கொட்டுகிறது. அதிலிருந்து ஏறக்குறைய 28 மணி நேரம் கழித்துக் கொப்புளம் உடைந்து முட்டை வெளியேறுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: பருவம் 18 மணி நேரத்தில் அடங்கிவிட்டது, முட்டையோ 28ஆவது மணியில்தான் வருகிறது. அதாவது மாடு அமைதியாகி அசைபோடத் தொடங்கிப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் ஆன பிறகுதான் முட்டையே வெளிவருகிறது. வீட்டு விலங்குகளில் இப்படிப் பருவம் முடிந்த பிறகு முட்டை விடுவது பசு, எருமை ஆகியவற்றின் தனித்தன்மை. குதிரை, ஆடு, பன்றி எல்லாம் பருவத்துக்குள்ளேயே, பெரும்பாலும் அதன் பிற்பகுதியில், முட்டையை விட்டுவிடுகின்றன.

இப்போது உங்கள் ரத்தத்துக்கு வருவோம். ஈஸ்ட்ரோஜன் உச்சத்தில் இருந்தபோது கருப்பையின் உள்சுவரில் ரத்த ஓட்டம் பெருகி, நுண்குழாய்கள் விம்மி நின்றன. எல்.எச். வீச்சுக்குப் பிறகு ஈஸ்ட்ரோஜன் திடீரென்று இறங்குகிறது. பசுவின் கருப்பைச் சுவரில் பொத்தான் தைத்ததுபோல் 70 முதல் 120 வரை சிறு மேடுகள் இருக்கும். பின்னாளில் நஞ்சுக்கொடி வந்து பற்றிக்கொள்ளும் இடங்கள் அவைதான். முக்கியமாக அந்த மேடுகளின் மேலுள்ள நுண்குழாய்களிலிருந்து கொஞ்சம் ரத்தம் கசிந்து, வழுவழுப்பான திரவத்தோடு கலந்து, பருவம் அடங்கிய ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் வெளியே வருகிறது. சுவரின் மேலடுக்கு உரிந்து விழுவதில்லை. அளவும் சொற்பம், வால் மயிரில் ஒட்டி உலர்ந்து, காலையில் பழுப்புக் கறையாகத் தெரியும் அவ்வளவுதான். பெரும்பாலான கிடேரிகளில் இது நடக்கும், ஈன்ற மாடுகளில் ஏறக்குறைய பாதியில் நடக்கும். வாலைக் கவனிக்காதவர்கள் கண்ணில் படாது.

இந்த ரத்தம் வெளியே தெரியும்போது முட்டை வெளியேறி ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகியிருக்கும். கருவுறும் திறனோடு முட்டை இருப்பது சில மணி நேரம்தான். அதனால்தான் இப்போது ஊசி போட்டுப் பயனில்லை என்றேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பருவத்தில் ஒழுங்காக ஊசி போட்ட மாட்டுக்கும் இரண்டாம் நாள் இந்த ரத்தம் வரும். உடனே "ரத்தம் வந்துவிட்டது, சினை நிற்கவில்லை" என்று மனம் உடைந்து பேசுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெண்களின் மாதவிடாயை மனதில் வைத்துக்கொண்டு பேசுவதால் வரும் பிழை இது. சினை நின்றதா இல்லையா என்பதற்கும் இந்த ரத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கியது என்பதைத் தவிர வேறு எதுவும் அதற்குத் தெரியாது.

உடைந்த கொப்புளம் அப்புறம் என்ன ஆகிறது என்பதுதான் இந்த விஷயத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மாணவனாக இருந்தபோது இறைச்சிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த சினைப்பைகளைக் கத்தியால் பிளந்து வரிசையாக அடுக்கிப் பார்ப்போம். முட்டை வெளியேறி இரண்டு மூன்று நாளான இடம் ரத்தக்கட்டிபோல் கருஞ்சிவப்பாக இருக்கும். ஒரு வாரம் ஆனதென்றால் அது இறுகி வளர்ந்து, இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் பருத்து, சினைப்பையின் மேல் ஒரு மூடிபோல் துருத்திக்கொண்டு நிற்கும். வெட்டினால் உள்ளே ஆரஞ்சு கலந்த மஞ்சள். அதனால்தான் அதற்கு மஞ்சள் திட்டு என்று பெயர். சுழற்சி முடியும் நேரத்தில் சுருங்கிச் செங்கல் நிறமாகி, கடைசியில் வெள்ளைத் தழும்பாக நின்றுவிடும். எருமையின் சினைப்பையைப் பிளந்தால் இந்த மஞ்சளைப் பார்க்க முடியாது, சாம்பல் கலந்த இளஞ்சிவப்புத்தான். பசுவின் மஞ்சளுக்குக் காரணம் கரோட்டின் என்ற நிறமி. பசும்பால் வெண்ணெய் மஞ்சளாகவும் எருமை வெண்ணெய் வெள்ளையாகவும் இருப்பதும் அதே கதைதான்.

மஞ்சள் திட்டு சுரப்பது புரோஜெஸ்டிரோன். கருவைத் தாங்கும் ஹார்மோன் அது. அது ஓங்கியிருக்கும்வரை மாடு பருவத்துக்கு வராது. ஆனால் சினைப்பை சும்மாவும் இருப்பதில்லை. ஒரு சுழற்சிக்குள் இரண்டு அல்லது மூன்று முறை கொப்புளங்கள் கூட்டமாகக் கிளம்பி, அவற்றில் ஒன்று மட்டும் முந்தி வளர்ந்து, புரோஜெஸ்டிரோன் அனுமதிக்காததால் வாடிப்போகும். கடைசிக் கூட்டத்தின் முந்திய கொப்புளத்துக்குத்தான் அதிர்ஷ்டம்: அது வளரும் நேரத்தில் மஞ்சள் திட்டு அழிந்திருக்கும்.

அழிப்பது யார்? இங்கேதான் பசுவும் பெண்ணும் பிரிகிறார்கள். பசுவின் மஞ்சள் திட்டுக்கு முடிவுகட்டுவது அதன் கருப்பையே. 1923இல் லியோ லோப் என்ற ஆய்வாளர் கினிப் பன்றிகளின் கருப்பையை அகற்றிப் பார்த்தபோது, மஞ்சள் திட்டு வழக்கத்தைவிட நெடுநாள் நீடித்ததைக் கண்டார். கருப்பையிலிருந்து ஏதோ ஒரு செய்தி சினைப்பைக்குப் போகிறது என்பதற்கு அது முதல் தடயம். அந்தச் செய்தி புரோஸ்டாகிளாண்டின் என்று பிற்பாடு தெரியவந்தது. பசுவில் 16, 17ஆம் நாள் வாக்கில், 'கரு ஒன்றும் வரவில்லையே' என்று கருப்பை முடிவுக்கு வந்ததும் புரோஸ்டாகிளாண்டினைச் சுரக்கிறது. அது உடல் முழுக்கச் சுற்றி நுரையீரலில் சிதைந்து போகாமல், கருப்பையின் சிரையிலிருந்து அதை ஒட்டிப் பின்னியிருக்கும் சினைப்பைத் தமனிக்குள் நேராகக் கசிந்து, குறுக்கு வழியில் சினைப்பையை அடைகிறது. இரண்டு ரத்தக்குழாய்கள் அவ்வளவு நெருக்கமாகப் பின்னிக்கொண்டிருப்பதைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் வியப்பு புரியும். மஞ்சள் திட்டு அழிந்து, புரோஜெஸ்டிரோன் இறங்கி, நாலைந்து நாளில் மாடு மறுபடி கத்தத் தொடங்குகிறது.

கரு இருந்தால் இது நடக்காது. பதினேழாம் நாள் வாக்கில் மாட்டின் கரு உருண்டையாக இருப்பதில்லை. அதன் வெளிச்சவ்வு அரைச் சாணுக்கு மேல் நூலாக நீண்டு கருப்பைக் கொம்புக்குள் படர்ந்திருக்கும். அது சுரக்கும் இன்டர்பெரான் டௌ என்ற புரதம்தான் 'நான் இருக்கிறேன்' என்ற செய்தி. கருப்பை அதைக் கேட்டுக்கொண்டு புரோஸ்டாகிளாண்டினை அடக்கிவைக்கிறது. ஊசி போட்ட 21ஆம் நாள் மாடு கத்தவில்லை என்றால் சினையாக இருக்கலாம் என்று நாம் ஊகிப்பதற்கு அடிப்படை இந்தச் செய்திதான். ஊகம்தான், உறுதியில்லை. சினையாகவே இருந்தும் பருவ அறிகுறி காட்டும் மாடுகள் உண்டு. அப்படிப்பட்ட மாட்டுக்குப் பரிசோதிக்காமல் மறுபடி ஊசி போட்டு, கருவி கருப்பைக்குள் நுழைந்தால் கரு கலையும்.

இடையில் ஒரு எச்சரிக்கை. "பருவத்துக்கு வர ஊசி" என்று மருத்துவர்கள் போடுவது பெரும்பாலும் இதே புரோஸ்டாகிளாண்டின்தான். மஞ்சள் திட்டு முதிர்ந்திருந்தால் இரண்டிலிருந்து ஐந்து நாளுக்குள் மாடு பருவத்துக்கு வரும். பருவம் முடிந்த முதல் நாலைந்து நாளில் போட்டால் வேலை செய்யாது. எனவே உங்கள் கிடேரிக்கு இன்றே அதைப் போட்டுப் பார்க்கலாமே என்று யோசிக்க வேண்டாம். சினை மாட்டுக்குப் போட்டால் கருச்சிதைவு ஆகும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் அந்த மருந்தைக் கையால் தொடவே கூடாது, தோல் வழியாகவே உள்ளே போகும்.

பெண்களின் உடலில் ஏற்பாடு வேறு. மஞ்சள் திட்டு சுமார் இரண்டு வாரம் வாழ்ந்து தானாகவே மடிகிறது, கருப்பை செய்தி அனுப்ப வேண்டியதில்லை. கரு பதிந்தால் அது எச்.சி.ஜி. என்ற ஹார்மோனைச் சுரந்து மஞ்சள் திட்டைக் காப்பாற்றிவைக்கிறது. சிறுநீரில் கர்ப்பம் பார்க்கும் பட்டை கண்டுபிடிப்பது இந்த ஹார்மோனைத்தான். பசுவில் அது இல்லாததால் அந்தப் பட்டை பசுவுக்கு உதவாது. அப்புறம், மனிதக் கருப்பை கரு வருவதற்கு முன்பே, ஒவ்வொரு சுழற்சியிலும், உள்சுவரைத் தடிக்கச் செய்து அதன் செல்களையே மாற்றியமைத்துத் தயாராகிவிடுகிறது. கரு வராவிட்டால் புரோஜெஸ்டிரோன் இறங்க, சுருள் தமனிகள் சுருங்கி, அந்தத் தடித்த அடுக்கு இனித் தங்க முடியாமல் உரிந்து ரத்தத்தோடு வெளியேறுகிறது. அதுதான் மாதவிடாய். பசுவின் கருப்பையில் அப்படிப் பின்வாங்க முடியாத மாற்றம் எதுவும் நடப்பதில்லை. தடித்தது பழையபடி மெலிந்துகொள்ளும், உரிக்க ஒன்றும் இல்லை.

பாலூட்டிகளில் மாதவிடாய் அபூர்வமானது என்பது பலருக்கு ஆச்சரியம். மனிதர், வாலில்லாக் குரங்குகள், பல குரங்கினங்கள், சில வௌவால்கள், யானை மூஞ்சூறு என்று பட்டியல் சட்டென்று முடிந்துவிடும். எலி இனத்தில் எதற்குமே இல்லை என்று நெடுநாள் நம்பியிருந்தார்கள். முதுகில் முள் மயிர் கொண்ட கெய்ரோ சுண்டெலிக்கு ஒன்பது நாளைக்கு ஒருமுறை சுழற்சி நடந்து மாதவிடாய் வருகிறது என்று ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தினர் சில ஆண்டுகளுக்கு முன்புதான் கண்டுபிடித்தார்கள். ஒன்பது நாளைக்கு வருவதை 'மாத'விடாய் என்று எழுதக் கை கூசுகிறது, வேறு சொல்லும் இல்லை.

நாய்க்கு வருவோம், ஏனென்றால் குழப்பத்தின் வேர் அங்கேதான். பெட்டை நாய்க்கு ரத்தக்கசிவு பருவத்துக்கு முன்னால் வருகிறது. ஈஸ்ட்ரோஜன் ஏறிக்கொண்டிருக்கும்போதே கருப்பையின் விம்மிய நுண்குழாய்களிலிருந்து சிவப்பணுக்கள் நழுவி வெளியே வருகின்றன. இந்த முன்பருவம் சராசரியாக ஒன்பது நாள். ஆண் நாய்கள் சுற்றிச் சுற்றி வரும், பெட்டை உட்காரும் அல்லது கடிக்க வரும். அப்புறம் கசிவின் நிறம் வெளுத்து வைக்கோல் நிறத்துக்கு மாறும், வாலை ஒதுக்கிக் கொடுக்கும். அதுதான் இணைசேரும் காலம். இதிலும் ஒரு விசித்திரம்: மற்ற விலங்குகளில் முதிர்ந்த முட்டை வெளியேறும், நாயிலோ முதிராத முட்டை வெளியேறி, இன்னும் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் கருவுறும் தகுதி பெறுகிறது. கரு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மஞ்சள் திட்டு இரண்டு மாதம் வாழும். அதனால்தான் இணையே சேராத நாயும் மடி பெருத்து, பொம்மையைக் குட்டிபோல் அணைத்துக்கொண்டு மூலையில் படுக்கிறது. பைத்தியமோ பிடிவாதமோ இல்லை, அதன் ஹார்மோன்கள் நிஜமாகவே சினை நாயின் ஹார்மோன்கள்தான்.

நாயின் இந்த முன்பருவ ரத்தத்தையும் மாதவிடாயையும் ஒன்றாக வைத்துப் பேசியவர்களில் வால்டர் ஹீப் என்ற ஆங்கில விலங்கியலாளரும் ஒருவர். முன்பருவம், பருவம் என்று சுழற்சியின் கட்டங்களுக்கு இன்றும் பாடப்புத்தகங்களில் புழங்கும் பெயர்களை 1900இல் வைத்தவர் அவர்தான். பருவத்தைக் குறிக்கும் ஈஸ்ட்ரஸ் என்ற பெயர் ஒரு கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. மாட்டைக் கடித்து மிரண்டு ஓடவைக்கும் ஒருவகை ஈக்கு அந்தப் பெயர். பருவத்தில் கத்தித் திரியும் மாட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த உவமை சட்டென்று விளங்கும்.

மற்ற விலங்குகளை வேகமாகப் பார்த்துவிடலாம். பூனையும் முயலும் ஒட்டகமும் இணைசேர்ந்தால்தான் முட்டையை விடும். சேராவிட்டால் கொப்புளம் வளர்ந்து வாடும், பூனை இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மறுபடி மறுபடி கத்தும். ஒட்டகத்துக்கு ஆண் விந்திலுள்ள ஒரு புரதமே முட்டையை வெளியேற்றத் தூண்டுகிறது. செம்மறிக்கு 17 நாள் சுழற்சி, வெள்ளாட்டுக்கு 21. பகல் நீளம் வெகுவாக மாறும் குளிர்நாடுகளில் இவை இரண்டும் பகல் குறுகும்போது பருவத்துக்கு வரும், குதிரை பகல் நீளும்போது வரும். மூன்றுமே குட்டி போடுவது வசந்தத்தில்தான், சினைக்காலத்தின் நீளத்தை வைத்து அப்படி அமைந்திருக்கிறது. குதிரையின் கரு 16ஆம் நாள் வரை கருப்பை முழுக்க உருண்டு அலைந்து 'நான் இருக்கிறேன்' என்று ஒவ்வொரு மூலைக்கும் சொல்லிவருகிறது. பன்றியில் நாலு கருவாவது இல்லாவிட்டால் கருப்பை நம்பாது. யானையின் சுழற்சி 13 முதல் 18 வாரம் நீளும், எல்.எச். மூன்று வார இடைவெளியில் இரண்டு முறை பொங்குகிறது, இரண்டாவதில்தான் முட்டை வருகிறது. சுண்டெலிக்கு நாலைந்து நாளில் ஒரு சுழற்சியே முடிந்துவிடும்.

இனி உங்கள் கிடேரி. ஒரு நல்ல செய்தி: கத்தியதும் ரத்தம் வந்ததும், அதன் சினைப்பை வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடேரிகளில் பத்துக்கு ஒன்பது, கருவிலேயே காளையின் ரத்தமும் ஹார்மோன்களும் கலந்துபோனதால் சினைப்பை வளராமல் மலடாகிவிடும். அவை பருவத்துக்கே வராது. உங்களுடையது அந்த வகையில்லை.

பதினாறாம் நாளிலிருந்து பார்க்கச் சொன்னேன் அல்லவா, எப்போது பார்ப்பது என்பதும் முக்கியம். மாடுகள் பெரும்பாலும் வெயில் தாழ்ந்த பிறகும் விடியற்காலையிலும்தான் ஏறிக்கொள்ளும். பகல் பத்து மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று திரும்பினால் கணக்கில் வராது. தீவனம் வைக்கிற நேரத்திலும் பார்க்காதீர்கள், தின்னும்போது எந்த மாடும் நடிக்காது. தூங்கப்போகும் முன் ஒரு பதினைந்து இருபது நிமிடம் சும்மா நின்று பாருங்கள். ஒற்றை மாடாகக் கட்டியிருந்தால் ஏறுவதற்கு ஆளில்லை. அப்போது வழுவழுப்பான திரவத்தையும் கத்தலையும்தான் நம்ப வேண்டும். படுத்திருக்கும்போது திரவம் நிறைய ஒழுகி, எழுந்ததும் தரையில் பளபளப்பாகத் தெரியும். எருமை வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் கடினம். அது ஊமைப் பருவக்காரி. ஏறுவதும் குறைவு, திரவமும் தொங்காது. இரவில் வந்து இரவிலேயே போகும்.

காலையில் நிற்கக் கண்டால் அன்று மாலை ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலை ஊசி. 1940களில் டிரிம்பெர்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் கணக்கெடுத்துச் சொன்ன முறை இது, இன்றும் பெரிதாக மாறவில்லை. காரணம் மேலே சொன்னதுதான்: முட்டை 28ஆவது மணியில் வருகிறது, விந்தணு உள்ளே போனதும் தகுதி பெறச் சில மணி நேரம் வேண்டும், அதன்பின் ஏறக்குறைய ஒரு நாள் உயிரோடு காத்திருக்கும். முட்டை வரும்போது விந்தணு முன்பே வந்து காத்திருக்க வேண்டும். நேரம் தப்பிவிடுமோ என்று பயந்து, கண்டவுடன் போட்டுவிடுகிறவர்களைவிட, அடங்கிய பிறகு தாமதமாகப் போடுகிறவர்களுக்குத்தான் அதிகம் தவறுகிறது.

ரத்தம் எப்போது கவலைக்குரியது? சினை உறுதியான மாட்டில் எப்போது ரத்தம் வந்தாலும், கன்று போட்டு வாரங்கள் ஆன பின்பும் நாற்றமடிக்கும் பழுப்பு அல்லது சீழ் கலந்த திரவம் வந்தாலும், ரத்தம் சொட்டாக இல்லாமல் ஓடினாலும், ஊசி போட்ட பின் மாடு முக்கிக்கொண்டே ரத்தம் விட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். பருவத் திரவத்தில் தெளிவுக்குப் பதிலாக வெள்ளை நூலோ கலங்கலோ தெரிந்தாலும் ஊசிக்கு முன் சொல்லிவிடுங்கள். கருப்பைப் புண்ணோடு ஊசி போட்டால் சினை நிற்காது.

22ஆம் நாள் வரை ஒன்றும் தெரியவில்லை என்றால், பருவம் கண்ணில் படாமல் போயிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அப்போதும் வாலைப் பாருங்கள். மூன்று வாரம் கழித்து அதே பழுப்புக் கறை மறுபடி தெரிந்தால், முந்தின இரவு அல்லது அதற்கு முந்தின இரவு உங்கள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டது என்று அர்த்தம். அந்தத் தேதிக்கும் ஒரு வட்டம் போட்டுவிட்டு, அடுத்த பதினாறிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.